கையெழுத்துப் போடும் முன்: கால்நடை மருத்துவமனையில் சிகிச்சை, பணம், உரிமைச் சிக்கல்கள்

முதன்முறையாக நாயோ பூனையோ வளர்க்கிறவர்கள் ஒரு விஷயத்தை மனத்தில் பிரித்து வைத்துக்கொண்டால், டாக்டரோடு வரக்கூடிய பாதிச் சண்டை வராது. மருத்துவமனையில் உங்கள் முன் இருப்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். பிராணிக்கு என்ன சிகிச்சை? அதற்குப் பணம் எப்படி? பிராணி யாருடையது? சாதாரண நாளில் மூன்றாவது கேள்வி எழவே எழாது. ஆனால் நள்ளிரவில், நாய் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடக்கும்போது, கையில் பணமும் இல்லாதபோது, மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடும். "உங்களால் கட்ட முடியாதென்றால் எழுதிக் கொடுத்துவிடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு தாள் வரும். பதற்றத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் பணத்தைப் புரட்டிக்கொண்டு ஓடினால், நாய் பிழைத்திருக்கும். ஆனால் அது இப்போது உங்கள் நாய் அல்ல.

இந்தக் கலப்பைத் தவிர்ப்பது எப்படி, தவிர்க்க முடியாமல் போனால் என்ன செய்வது என்பதைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அடிப்படைகள் அவ்வளவாக மாறுவதில்லை.

1. பிராணி நலமாக இருக்கும்போதே செய்ய வேண்டியவை

முதலில் உரிமைக்கான ஆதாரம். மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் சின்ன அடையாளச் சில்லு) போட்டிருந்தால் அதன் 15 இலக்க எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் பதிவேட்டில் யார் பெயரில் இருக்கிறது என்பது அதைவிட முக்கியம். சிப் என்பது வெறும் எண்தான்; பெயர், முகவரி எல்லாம் பதிவேட்டில்தான் இருக்கும். விற்றவர் பெயரிலேயே பதிவு கிடப்பதும், பழைய போன் நம்பரோடு கிடப்பதும் சர்வ சாதாரணம். தத்தெடுத்த தாள், தடுப்பூசி அட்டை, பழைய ரசீதுகள், புகைப்படங்கள் எல்லாவற்றையும் போனில் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள்.

அடுத்தது, யார் முடிவெடுப்பது? பிராணியைத் தூக்கிக்கொண்டு வருகிறவரையே உரிமையாளராகவோ அவர் சார்பில் வந்தவராகவோ மருத்துவமனை எடுத்துக்கொள்ளும். நீங்கள் வெளியூரில் இருக்கும்போது நண்பரோ உறவினரோ தூக்கிக்கொண்டு ஓடினால், அவர் போடும் கையெழுத்து உங்களைக் கட்டுப்படுத்தலாம். ஊருக்குப் போகும் முன் ஒரு சின்னக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: இவர் அவசர சிகிச்சைக்குச் சம்மதிக்கலாம், இந்தத் தொகை வரை செலவு செய்யலாம், பிராணியை யாரிடமும் ஒப்படைக்கவோ கருணைக்கொலைக்குச் சம்மதிக்கவோ என்னைக் கேட்காமல் கூடாது. இரண்டு பேர் சேர்ந்து வளர்க்கும் வீடுகளில் இதைப் பேசி வைப்பது இன்னும் அவசியம். பிரிந்துபோன ஜோடிகளுக்கு இடையில் டாக்டர் மாட்டிக்கொண்டு முழிப்பது நிறையவே நடக்கிறது.

இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது, அங்கே முன்பணம் எவ்வளவு கேட்பார்கள், தவணை உண்டா என்று ஒரு போன் செய்து கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காப்பீடு எடுப்பதானால் இளவயதிலேயே எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காப்பீடு பொதுவாகக் கிடைக்காது. அதோடு பல திட்டங்களில் முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகுதான் திரும்பப் பெற முடியும். ஆக, காப்பீடு இருந்தாலும் அந்த இரவுக்குக் கையில் பணம் வேண்டும்.

2. டாக்டரிடம் மறைக்காதீர்கள்

வீட்டில் என்ன கொடுத்தோம் என்பதைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பதுதான் பிற்பாடு "டாக்டர் கண்டுபிடிக்கவில்லை" என்ற புகாராக மாறுகிறது. பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்திருந்தால் உடனே சொல்லுங்கள். பூனையின் கல்லீரலால் அந்த மருந்தைச் சரியாகக் கழிக்க முடியாது. சிவப்பணுக்கள் கெட்டு ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும். ஒரே மாத்திரை போதும், பூனை இறந்துபோக. நாய்க்கு ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை கொடுத்தால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் கெடும். விஷத்தை முறிக்கும் சிகிச்சைக்கான நேரம் மிகக் குறைவு என்பதால், நீங்கள் தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் பிராணிக்கு நஷ்டம்.

கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது சிறுநீர் போனது, வாந்தி எப்போது தொடங்கியது என்பதை வழியிலேயே போனில் குறித்துக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட்டில் ஏறுவது நீங்கள் அன்று சொன்னதுதான். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து சொல்வது அங்கே எடுபடாது.

பண நிலைமையையும் முதலிலேயே சொல்லுங்கள். "என்னால் இன்றைக்கு இவ்வளவுதான் முடியும்" என்பதில் அவமானம் எதுவும் இல்லை. அதைக் கேட்ட பிறகுதான் டாக்டரால் அந்தத் தொகைக்குள் எது பலன் தரும் என்று யோசிக்க முடியும்.

3. எஸ்டிமேட்டைக் கேட்டு வாங்குங்கள், பிறகு நான்கு கேள்வி கேளுங்கள்

"என்ன வேணும்னாலும் செய்யுங்க டாக்டர்" என்பதைப் போல ஆபத்தான வாக்கியம் இந்த விஷயத்தில் வேறில்லை. பாசத்தில் சொல்கிறோம். கேட்பவர் அதை வரம்பில்லாத சம்மதமாக எடுத்துக்கொள்வார். பில் வரும்போது இரண்டு பக்கமும் ஏமாற்றப்பட்டதாக நினைக்கும்.

எழுத்தில் எஸ்டிமேட் கேளுங்கள். குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு தொகை இருக்க வேண்டும். நோய் எப்படிப் போகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாததால் ஒற்றைத் தொகை கொடுப்பது டாக்டருக்கும் கஷ்டம். இந்தத் தொகையைத் தொடும்போது போன் செய்யுங்கள், அதைத் தாண்டும் முன் என் சம்மதம் வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். உள்நோயாளியாகச் சேர்த்தால் தினமும் அன்றைய கணக்கைக் கேளுங்கள். அப்புறம் இந்த நான்கு கேள்விகள்:

என்ன நோயாக இருக்கும் என்று சந்தேகப்படுகிறீர்கள்?

இந்தப் பரிசோதனையின் முடிவைப் பொறுத்துச் சிகிச்சை மாறுமா?

எதுவும் செய்யாமல் விட்டால் அடுத்த சில மணி நேரத்தில் என்ன ஆகும்?

இதைவிடக் குறைந்த செலவில் வேறு வழி உண்டா, அதில் பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு குறையும்?

நான்காவது கேள்விக்காகத்தான் மற்ற மூன்றும். அதை நீங்கள் கேட்காவிட்டால் பல டாக்டர்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். பணத்தாசை என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். முழுமையான சிகிச்சையைச் சொல்லாமல் குறைந்ததைச் சொல்லி, பிராணி இறந்துபோனால், "ஏன் நல்லதைச் சொல்லவில்லை" என்று நாளைக்குப் புகார் வரும் என்கிற பயம் அவர்களுக்கு உண்டு. நீங்கள் வாய்விட்டுக் கேட்டு, பதில் கேஸ் ஷீட்டில் பதிவானால் அந்தப் பயம் குறையும்.

குறைந்த செலவு என்றால் மட்டமான சிகிச்சை என்று அர்த்தமில்லை என்பதற்கு பார்வோ வைரஸ் நல்ல உதாரணம். தடுப்பூசி முடியாத குட்டிகளை ரத்த வயிற்றுப்போக்கோடு படுக்கவைக்கும் நோய் இது. வழக்கமான முறையில் மருத்துவமனையிலேயே பல நாள் வைத்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டும், செலவு எகிறும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேறொரு முறையைச் சோதித்தார்கள். முதலில் ரத்தக் குழாய் வழியே திரவம் கொடுத்து நிலைப்படுத்திவிட்டு, பிறகு தோலுக்கடியில் திரவம், ஒரு நீண்டநேர ஆன்டிபயாடிக் ஊசி, வாந்தியை நிறுத்தும் மருந்து என்று வெளிநோயாளியாகவே பார்ப்பது. 40 நாய்களை இரண்டாகப் பிரித்ததில், உள்நோயாளிகளில் 90 சதவீதமும் வெளிநோயாளிகளில் 80 சதவீதமும் பிழைத்தன. 2017இல் வெளியான ஆய்வு அது. எண்ணிக்கை சிறியதுதான், அந்த நாய்களை நாள் முழுக்கக் கவனித்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் "பல நாள் அட்மிஷன், இல்லையென்றால் கருணைக்கொலை" என்று இரண்டே கதவு இருப்பதாக யாராவது சொன்னால், மூன்றாவது கதவைப் பற்றிக் கேட்கலாம்.

எல்லா நோயிலும் இந்தச் சலுகை கிடைக்காது. ஆண் பூனை மண்தொட்டியில் உட்கார்ந்து முக்கி முக்கிப் பார்க்கிறது, ஒரு சொட்டும் வரவில்லை என்றால், பேரம் பேச நேரமில்லை. அடைப்பு நீங்காவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். ஓரிரு நாளில் உயிர் போகும். குழாய் போட்டு அடைப்பை எடுத்தே ஆக வேண்டும். அதற்கு அப்புறம் எத்தனை நாள் சேர்த்து வைப்பது, மறுபடி அடைத்தால் என்ன செய்வது என்பதில் வேண்டுமானால் செலவைக் குறைக்க வழி தேடலாம். பெரிய மார்புள்ள நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்வதும் இதே ரகம். அங்கே கணக்கு மணி நேரத்தில் ஓடும்.

எலும்பு முறிவு இன்னொரு வகை. தகடு வைக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் இல்லை என்றால், முறிவின் வகையைப் பொறுத்துக் கட்டுப் போடலாம், அல்லது காலை எடுத்துவிடலாம். காலை எடுப்பது என்றதும் நமக்கு மனசு பதறும். பெரும்பாலான நாய்களும் பூனைகளும் மூன்று காலில் நன்றாகவே ஓடியாடி வாழ்கின்றன. மூட்டுத் தேய்மானமோ அதிக உடல் எடையோ இருந்தால் மட்டும் கூடுதலாக யோசிக்க வேண்டும்.

4. ஒப்புதல் படிவத்தைப் படித்துப் பாருங்கள்

என்ன அறுவைச் சிகிச்சை, யார் செய்யப்போகிறார், உள்ளே வேறு ஏதாவது கண்டுபிடித்தால் உங்களைக் கேட்பார்களா என்பது அதில் இருக்க வேண்டும். இரவில் ஆள் இருப்பார்களா என்று கேளுங்கள். "அட்மிட் செய்தோம்" என்றால் யாரோ பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். பல கிளினிக்குகளில் இரவு பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அது தவறில்லை, உங்களுக்குச் சொல்லாமல் விட்டால்தான் தவறு.

மயக்க மருந்து ஆபத்து பற்றிய வரியைத் தாண்டிப் போகாதீர்கள். பிரிட்டனில் நடந்து 2008இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மயக்க மருந்தோடு தொடர்புடைய இறப்பு நாய்களில் சுமார் 0.17 சதவீதம், பூனைகளில் சுமார் 0.24 சதவீதம். ஆரோக்கியமான பிராணிகளில் இதைவிடக் குறைவு, நோயுற்றவற்றில் பல மடங்கு அதிகம். அதாவது, எல்லாம் சரியாகச் செய்தும் ஒன்றிரண்டு இறக்கத்தான் செய்யும். கருத்தடைக்குக் கொண்டுபோன பூனை திரும்பாவிட்டால் அந்த எண்ணிக்கை ஆறுதல் தராது. ஆனால் "இறந்தது, ஆகவே டாக்டர் கொன்றார்" என்று தாவவும் அது இடம் தராது.

இதயம் நின்றால் உயிர்ப்பிக்க முயற்சி செய்யலாமா என்றும் கேட்பார்கள். அப்படி நின்ற பிறகு உயிரோடு வீடு திரும்பும் பிராணிகள் மிகச் சிலவே. வேண்டாம் என்று சொல்வது கொடுமை ஆகாது.

டாக்டர் சொல்வதை ஏற்காமல் வீட்டுக்குக் கூட்டிப் போவதானால், "அறிவுரைக்கு மாறாக" என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். போட்டுவிடலாம். கூடவே காரணத்தை உங்கள் கையால் எழுதுங்கள்: செலவு காரணமாக, அல்லது வேறு டாக்டரிடம் காட்டுவதற்காக. அக்கறை இல்லாமல் தூக்கிப் போனார்கள் என்று பின்னால் யாரும் சொல்லாமல் இருக்க அந்த ஒரு வரி உதவும்.

5. பணம் போதவில்லை என்றால்

முதலில் வலி நிவாரணம், உயிரைத் தாங்கிப் பிடிக்கும் சிகிச்சை, இவை இரண்டுக்கும் எவ்வளவு ஆகும் என்று தனியாகக் கேளுங்கள். அதைக் கட்டிவிட்டால் யோசிக்க நேரம் கிடைக்கும். பிறகு தவணை, மருத்துவமனையின் நல நிதி, தொண்டு அமைப்புகள், கால்நடை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனை என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். செலவு குறைந்த இடத்துக்கு மாற்றுவதானால், கேஸ் ஷீட்டையும் எக்ஸ்-ரே கோப்புகளையும் கையோடு வாங்கிப் போங்கள். அதே பரிசோதனைக்கு இரண்டு தடவை காசு கொடுப்பதில் அர்த்தமில்லை.

பில் பாக்கிக்காகப் பிராணியைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியுமா? சில இடங்களில் சட்டம் அனுமதிக்கிறது, சில இடங்களில் இல்லை. அனுமதிக்கும் இடத்திலும், பிடித்து வைப்பது வேறு, பிராணி அவர்களுடையதாகிவிடுவது வேறு. பாக்கி இருக்கிறது என்பதாலேயே உரிமை மாறிவிடாது. "பாக்கியை ஒப்புக்கொள்கிறேன், இந்தத் தேதிகளில் கட்டுகிறேன், பிராணி என்னுடையதே" என்று அன்றைக்கே எழுதி அனுப்பிவிடுங்கள்.

செய்யவே கூடாதது ஒன்று: சேர்த்துவிட்டுப் போனை எடுக்காமல் இருப்பது. குறிப்பிட்ட நாள் தாண்டினால் கைவிடப்பட்ட பிராணியாகக் கருதும் சட்டம் பல இடங்களில் உண்டு. உதாரணத்துக்கு, கலிபோர்னியாவில் அந்தக் கெடு 14 நாள். நீங்கள் வெட்கத்தில் ஒளிந்துகொண்டிருக்கும் நாட்களில் உங்கள் உரிமை கரைந்துகொண்டிருக்கும்.

6. ஒப்படைப்புப் படிவம்

இங்கேதான் நிதானம் மிக அதிகமாகத் தேவை. ஒப்படைப்பு என்றால் தற்காலிகமாக விட்டுவிட்டு வருவதல்ல. வீட்டை எழுதிக் கொடுப்பது மாதிரிதான். கையெழுத்து விழுந்த நிமிடத்திலிருந்து சிகிச்சை, தத்து, கருணைக்கொலை எல்லாம் அவர்கள் முடிவு. உங்களுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம்கூடப் பெரும்பாலும் இல்லை.

ஏன் இப்படிக் கேட்கிறார்கள்? மருத்துவமனையின் நியாயத்தையும் கேட்டுவிடுவோம். பிராணி உங்களுடையதாக இருக்கும்வரை, உங்கள் சம்மதமில்லாமல் அவர்கள் கை வைக்க முடியாது. தொண்டு அமைப்புகள் பல, பிராணி தங்கள் பெயருக்கு வந்த பிறகுதான் பணம் தரும். இலவசமாகப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தால், அடுத்த வாரம் எல்லோரும் அதையே கேட்பார்கள், கிளினிக் நடத்த முடியாது. இவையெல்லாம் உண்மைதான்.

உரிமையாளரின் கசப்பும் உண்மை. "பணம் இல்லை என்றபோது என் நாய்க்குச் செய்ய முடியாததை, நாய் அவர்களுடையதானதும் எப்படிச் செய்ய முடிந்தது? அதையும் அங்கே வேலை செய்கிறவரே தத்தெடுத்துக்கொண்டார்!" இப்படிப்பட்ட புகார்களில் சட்டம் பெரும்பாலும் கையெழுத்தைத்தான் பார்க்கும். என் கருத்து வேறு. செலவு குறைந்த வழிகளை எல்லாம் சொல்லி முடிக்காமல், யோசிக்க ஒரு மணி நேரமும் கொடுக்காமல் நீட்டப்படும் ஒப்படைப்புத் தாள், சட்டப்படி செல்லுபடியானாலும் நேர்மையானதல்ல.

ஆகவே தாள் நீட்டப்பட்டால்:

தலைப்பைப் படியுங்கள். சிகிச்சைக்கான ஒப்புதல் படிவமும் ஒப்படைப்புப் படிவமும் ஒரே கட்டில் வரலாம். "நிரந்தரமாக", "எல்லா உரிமைகளையும்" போன்ற சொற்கள் இருந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள்.

யாரிடம் ஒப்படைக்கிறீர்கள்? மருத்துவமனையிடமா, காப்பகத்திடமா, ஒரு தனி மனிதரிடமா?

அதன் பிறகு என்ன ஆகும்? சிகிச்சை நிச்சயமா, அல்லது கருணைக்கொலை செய்யவும் அதில் இடம் இருக்கிறதா? பாக்கி பில் தள்ளுபடியா? மருத்துவமனை ஊழியர் தத்தெடுக்கலாமா? பிழைத்ததா என்ற செய்தியையாவது சொல்வார்களா?

மனம் மாறினால் எத்தனை மணி நேரத்துக்குள் திரும்பப் பெறலாம்? "அப்புறம் வந்து வாங்கிக்கலாம்" என்று கவுண்டரில் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். "நாளை மாலைக்குள் இவ்வளவு கட்டினால் பிராணியைத் திரும்பத் தர வேண்டும்" என்று அதே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட முடியுமா என்று கேளுங்கள். மறுத்தால், அந்த வாய்ச் சொல்லின் மதிப்பு என்ன என்பது தெரிந்துவிடும்.

நீங்கள் மட்டும்தான் உரிமையாளரா? மனைவி, அண்ணன், கல்லூரிக்குப் போயிருக்கும் மகள் என்று வேறு யாருக்காவது அதில் பங்கு இருந்தால் அவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

உடனே முடிவு சொல்ல முடியாவிட்டால், வலி நிவாரணம் கொடுக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்து நான்கு பேருக்குப் போன் செய்யுங்கள். நேரடியாக ஒரு மீட்பு அமைப்போடு பேசி, உரிமை உங்களிடமே இருக்க அவர்கள் தற்காலிகமாகப் பராமரிக்கும் ஏற்பாடு கிடைக்குமா என்று பாருங்கள். எல்லாம் அடைபட்டு, பிராணி பிழைக்க ஒப்படைப்புதான் ஒரே வழி என்றால், ஒப்படைப்பதும் நல்ல முடிவுதான். தெரிந்தே எடுத்த முடிவாக அது இருக்க வேண்டும். நகல் வாங்காமல் மட்டும் வெளியே வராதீர்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? அப்படியென்றால் நேரம்தான் உங்கள் ஒரே பலம். அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதுங்கள்: முடிவை மாற்றிக்கொள்கிறேன், இதுவரையான செலவைக் கட்டத் தயார், வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம். குற்றம் சாட்டும் ஒரு வரிகூட அதில் வேண்டாம். பல மருத்துவமனைகள் முதல் நாளில் இறங்கி வரும். புதிய குடும்பத்துக்குப் போய்விட்ட பிறகு மீட்பது மிகக் கடினம். அதற்கும் போராட நினைத்தால் வழக்கறிஞரிடம் போங்கள். படிவத்தை விளக்காமல் கையெழுத்து வாங்கினார்கள், நான் தனி உரிமையாளர் அல்ல, தவறான தகவல் சொன்னார்கள் என்பவைதான் அங்கே எடுபடக்கூடிய காரணங்கள். "கஷ்டத்தில் போட்டேன்" என்பது மட்டும் பொதுவாகப் போதாது. தத்தெடுத்த குடும்பத்தின் முகவரியைத் தேடிப் போய் நிற்பதோ, ஆள் திரட்டி மிரட்டுவதோ வேண்டவே வேண்டாம். அவர்கள் உங்களுக்கு எந்தத் துரோகமும் செய்யவில்லை.

7. கருணைக்கொலை பற்றிய கருத்து வேறுபாடு

இரண்டு திசையிலும் சண்டை வரும். டாக்டர் "போதும், விட்டுவிடலாம்" என்பார், நீங்கள் இன்னும் போராட விரும்புவீர்கள். அல்லது நீங்கள் முடிவுக்கு வந்திருப்பீர்கள், டாக்டர் மறுப்பார். நன்றாக இருக்கும் பிராணியையோ எளிதாகக் குணமாகக்கூடிய பிராணியையோ கொல்ல மறுக்கும் உரிமை பெரும்பாலான இடங்களில் டாக்டருக்கு உண்டு. அப்போது அவர் ஒப்படைக்கச் சொல்லலாம். ஆனால் கருணைக்கொலைக்கு உங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, செய்யாமல், உங்களுக்குத் தெரியாமல் வேறு வீட்டுக்குக் கொடுப்பது நம்பிக்கை மோசடி, நல்ல எண்ணத்தில் செய்தாலும்கூட. கடைசி நேரத்தில் உடனிருக்க விரும்பினால் முன்பே சொல்லுங்கள்.

8. ஏதோ தவறு நடந்துவிட்டது என்று தோன்றினால்

முதலில் கேஸ் ஷீட்டின் நகல். அசல் மருத்துவமனைக்குச் சொந்தம்; நகல் தரும்படி பல நாடுகளில் விதியோ வழக்கமோ இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள். டிஸ்சார்ஜ் தாள் மட்டும் போதாது. தினசரிக் குறிப்புகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், மயக்க மருந்துக் குறிப்பு, உங்களோடு பேசிய போன் குறிப்புகள் எல்லாம் வேண்டும். எக்ஸ்-ரேயை போனில் படமெடுத்து வாங்காதீர்கள், அசல் டிஜிட்டல் கோப்பாகக் கேளுங்கள்.

பிராணி இறந்திருந்தால், அழுகைக்கு நடுவிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும்: பிரேதப் பரிசோதனை வேண்டுமா? வேண்டுமென்றால் உடலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள், உறைய வைக்க வேண்டாம். உறைந்தால் திசுக்கள் சிதைந்து நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாமல் போகும். ஓரிரு நாளுக்குள் செய்ய வேண்டும், அதுவும் அந்த மருத்துவமனையில் அல்லாமல் வெளியே ஒரு நோய்க்குறியியல் நிபுணரிடம். எரித்துவிட்டால் எந்தப் புகாரையும் நிரூபிப்பது கிட்டத்தட்ட முடியாது. சந்தேகம் லேசாக இருந்தாலும் எரிப்பதை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.

அடுத்து, நேரம் கேட்டு டாக்டரையோ மருத்துவமனைப் பொறுப்பாளரையோ உட்கார்ந்து பேசுங்கள். கவுண்டரில் கத்துவதை அங்கே இருக்கும் இளம் பெண்தான் வாங்கிக்கொள்வார். அவரிடம் பதிலும் இருக்காது, அதிகாரமும் இருக்காது. கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். மன்னிப்பும் விளக்கமும் கிடைத்தாலே மனம் ஆறிவிடும் புகார்கள் பல. அவை கிடைக்காததால்தான் மேலே போகின்றன.

இன்னொரு டாக்டரிடம் காட்டும்போது "அவர் செய்தது தப்புதானே?" என்று கேட்காதீர்கள். "இனி என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். பிராணிக்கும் அதுதான் நல்லது, உண்மையான பதிலும் அப்போதுதான் வரும்.

மேலே புகார் செய்வதானால் எந்தக் கதவு எதற்கு என்று தெரிந்துகொள்ள வேண்டும். உரிமம் வழங்கும் அமைப்பு டாக்டரின் தொழில் நடத்தையை விசாரிக்கும். எச்சரிக்கும், உரிமத்தை நிறுத்தும், பணத்தைத் திருப்பி வாங்கித் தராது. இந்தியாவில் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கால்நடை மருத்துவக் கவுன்சில்கள், பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் வெட்டரினரி சர்ஜன்ஸ், அமெரிக்காவில் மாநில வாரியங்கள் என்று ஒவ்வொரு நாட்டிலும் ஒன்று இருக்கும். பணத் தகராறுக்கு நுகர்வோர் மன்றமோ சிறு வழக்கு மன்றமோதான் இடம். பிரிட்டனில் கட்டணமில்லாத சமரச சேவையும் உண்டு. எங்கே போனாலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: அதே சூழ்நிலையில் ஒரு சராசரித் திறமையுள்ள டாக்டர் இப்படிச் செய்திருப்பாரா? பிராணி இறந்தது என்பது மட்டும் இதற்குப் பதிலாகாது. வயிற்றுக்குள் பஞ்சை விட்டுத் தைத்தது, சம்மதமில்லாமல் அறுத்தது, மருந்தளவைத் தவறாகக் கொடுத்தது என்றால் பதிலாகும்.

இழப்பீட்டில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலான சட்டங்கள் இன்னும் பிராணியை ஒரு சொத்தாகத்தான் பார்க்கின்றன. சந்தை மதிப்பு, செலவான தொகை, இவற்றைத் தாண்டி உங்கள் துக்கத்துக்கு விலை கிடைப்பது அபூர்வம். பில்லில் ஒரு பகுதியில் மட்டும் தகராறு என்றால், மறுப்பில்லாத பகுதியைக் கட்டிவிட்டு மீதியை ஏன் கட்டவில்லை என்று எழுதுங்கள். மொத்தமாக நிறுத்தி வைத்தால் நீங்கள்தான் ஏமாற்றுகிறவர் மாதிரி தெரிவீர்கள்.

9. ஊருக்கே சொல்லலாமா?

சொல்லலாம். நடந்ததை, தேதியோடு, உங்களிடம் தாள் இருக்கும் விஷயத்தை மட்டும். "கொலைகாரன்", "திருடர்கள்" என்று எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பும். நோயாளி விவரங்களை வெளியிடக் கூடாது என்ற விதியால் மருத்துவமனை தன் பக்கத்தை வெளிப்படையாகச் சொல்ல முடியாமலும் இருக்கலாம். இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரையான இறப்புப் பதிவுகளை ஆராய்ந்ததில், பொதுமக்களோடு ஒப்பிட்டால் தற்கொலையால் இறப்பது ஆண் கால்நடை மருத்துவர்களிடையே 2.1 மடங்கும் பெண் மருத்துவர்களிடையே 3.5 மடங்கும் அதிகமாக இருந்தது. காரணங்கள் பல. ஆனால் உங்கள் புகார் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், ஆயிரம் பேரை ஒருவர் மேல் ஏவிவிடும் வேலையைச் செய்ய வேண்டியதில்லை. விசாரிக்கும் அமைப்பிடம் கொடுத்த புகார் நடந்துகொண்டிருக்கும்போது எழுதாமல் இருப்பது உங்கள் வழக்குக்கும் நல்லது.

10. உறவு முறிந்தால்

நம்பிக்கை போய்விட்டதென்றால் டாக்டரை மாற்றிக்கொள்ளுங்கள். அவரும் உங்களை இனிப் பார்க்க மாட்டேன் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால், வேறு இடம் தேடிக்கொள்ள நியாயமான அவகாசமும் பதிவுகளின் நகலும் தர வேண்டும், சிகிச்சையின் நடுவில் கைவிடக் கூடாது. தொடர் மருந்தில் இருக்கும் பிராணி என்றால், இன்சுலினோ வலிப்பு மாத்திரையோ தீரும் முன்பே புதிய டாக்டரைப் பார்த்துவிடுங்கள். பிராணியைத் தானே பரிசோதித்த பிறகுதான் அவர் சீட்டு எழுதித் தர முடியும். முதல் சந்திப்பில் பழைய சண்டையை விவரிக்க வேண்டாம். கேஸ் ஷீட்டைக் கொடுத்துவிட்டு, இந்த மாதம் எவ்வளவு செலவு செய்ய முடியும் என்பதைச் சொல்லித் தொடங்குங்கள்.